நாங்கள் இங்கிலீஷ் டீச்சர் தேடிய கதை

நான்கு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த கையோடு திருவொற்றியூரில் நடந்தது இது. என் மகள் அப்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். படிக்கிற பிள்ளையின் அம்மா யாராவது ஒருவர்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்கு வந்திருந்த அம்மாக்களில் நான்தான் பிளஸ் டூ வரை போனவள். என் தலையில் கட்டிவிட்டார்கள். மற்றபடி ஹைரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை.

அந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்த டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. கணக்கு டீச்சர் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாம படிங்க" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் இங்கிலீஷ் பீரியட். காலாண்டுத் தேர்வில் வகுப்பில் பாதிப் பேர் இங்கிலீஷில் ஃபெயில். எங்கள் பக்கத்தில் பத்தாவதில் ஃபெயில் என்றால் அதோடு சரி. பையன் மறு வாரமே கன்டெய்னர் யார்டில் நிற்பான். பெண்ணை ஏதாவது ஒரு பேக்கிங் கம்பெனி வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். அப்புறம் மறுபடியும் எழுதுகிறேன், டுடோரியல் போகிறேன் என்பதெல்லாம் வாயளவில்தான். என் மகள் மற்ற பாடங்களில் நன்றாகவே வாங்குவாள். இங்கிலீஷ் என்றால் முன்னால் இருக்கிற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். காலாண்டில் மயிரிழையில் பாஸ்.

எனக்கும் அந்தப் பயம் உண்டு. கடையில் நாள் முழுக்க இங்கிலீஷ் பெயர்களைத்தான் படிக்கிறேன். வாயில் நுழையாத மருந்துப் பெயரையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன். ஆனால் எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வெளியூர் ஆள் எவனாவது இங்கிலீஷில் இரண்டு வரி பேசிவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கடையில இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெண்ணுக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்பது எனக்கு வெறியாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். தற்காலிகமாக ஒரு டீச்சரைக் குழுவே பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வந்தது இரண்டு பேர். எங்கள் தரப்பில் நான், மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், ஹார்பரில் கிரேன் ஓட்டும் அண்ணன் ஒருவர். அக்கா மார்க்கெட்டில் கூடையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணன் கல்யாணத்துக்கு வருகிறவர் போல சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

தலைமை ஆசிரியை சொன்னது இதுதான்: "டிகிரி, பி.எட். ரெண்டும் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. சர்டிபிகேட்ல நான் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பீரியட் பத்தாவதுக்கு எடுக்கச் சொல்றேன். நீங்க கடைசி பெஞ்சில உட்கார்ந்து பாருங்க. யாரைப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க."

இங்கிலீஷ் பீரியடில் பெஞ்சு மேல் ஏறி நின்றே பிளஸ் டூ முடித்தவள் நான். இன்றைக்கு இங்கிலீஷ் டீச்சருக்கு நான் மார்க் போடப் போகிறேன்! காலம் எப்படியெல்லாம் விளையாடுகிறது பாருங்கள்.

முதலில் வந்தவர் பெரம்பூர்க்காரர். முப்பது வயது தாண்டியிருக்கும், காட்டன் புடவை, நிமிர்ந்த நடை. பி.எட். முடித்ததும் பெரிய கால் சென்டர் ஒன்றில் வேலைக்குப் போயிருக்கிறார். குழந்தை பிறந்ததும் இரவு ஷிப்டுக்குப் போக முடியாமல் விட்டுவிட்டாராம். "ரெண்டு வருஷமா வேலை தேடறேன். வீட்டுக்காரருக்கு இப்ப வேலை சரியில்ல. இது பகல் வேலை. சாயங்காலம் குழந்தையைப் பார்த்துக்கலாம்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே இரண்டு தடவை அவர் மாமியார் போன் செய்துவிட்டார். என்னாச்சு, கிடைச்சுதா என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

அடுத்தவர் வந்ததும் எங்கள் மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. நம்ம தெருக்கோடியில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறவர் மகள்! இதே பள்ளியில் படித்த பெண். மூக்கொழுகிய காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரியும். பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடித்து, வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது சும்மாவா? அவள் உட்கார்ந்ததுமே அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதமா. நீ பேசுற தமிழே இப்டி கீது. இன்னா, வூடுன்னு பேசிக்கினு நீ புள்ளைங்களுக்கு எப்டி இங்கிலீஷ் சொல்லித் தருவ?"

"கீது" என்று சொன்னவர் அவர். அது அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை.

"அண்ணே, நீங்க ஹார்பர்ல வெளிநாட்டுக் கப்பக்காரனாண்ட பேசறீங்க. வூட்ல அண்ணியாண்ட பேசறீங்க. ரெண்டும் ஒரே மாதிரியா கீது? எனக்கும் அப்டித்தான்."

"அது வேறமா" என்று அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் மனசுக்குள் அவர் சொன்னதுதான் சரியென்று பட்டது.

பெரம்பூர் அம்மாவின் வகுப்பு முதலில். என்ன பேச்சு! தண்ணீர் பட்ட பாடு. வாசித்த பாடத்தில் ஒரு இடத்தில்கூட நாக்கு தடுக்கவில்லை. செய்திச் சேனலைப் போட்டுவிட்டது போல இருந்தது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். இடையிடையே அவர் கேள்வி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே சிரித்துக்கொண்டு பதிலையும் சொன்னார். மீன்கார அக்கா என் தொடையைக் கிள்ளினார்.

"இன்னா சொல்லுதுன்னு ஒண்ணுமே புரியலமே. அம்மாம் நல்ல இங்கிலீஷு!"

சிரிக்காதீர்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து கருவாட்டுக் கடைக்காரர் மகள். வந்ததும் புத்தகத்தை மூடச் சொன்னாள். "நேத்து நம்ம ஏரியால இன்னா நடந்துச்சு? எதுனா சொல்லு" என்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு பையன் எழுந்து, ஷேர் ஆட்டோவில் மீன்காரம்மா ஒருத்தர் கூடையிலிருந்து நண்டு தப்பித்து ஓடிய கதையைச் சொன்னான். வகுப்பு சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா நெளிந்தார். அந்தக் கூடை அவருடையதுதான்.

"அத்த அப்டியே இங்கிலீஷ்ல சொல்லு. தப்பு வந்தா வரட்டும்."

பையன் தலையைச் சொறிந்தான். "க்ராப்... கோ அவுட்" என்றான். அதை அப்படியே போர்டில் எழுதினாள். "ஆட்டோ ஸ்டாப்" என்றது ஒரு குரல். "ஆல் ஆன்ட்டி ஜம்ப்!" என்றது இன்னொன்று. அவ்வளவுதான், வகுப்பு பிய்த்துக்கொண்டது. நண்டு எத்தனை, முதலில் யார் மேல் ஏறியது, டிரைவர் என்ன சொன்னார் என்று அவள் இங்கிலீஷில் கேட்கக் கேட்க, இவர்கள் கத்திக்கத்திச் சொன்னார்கள். எல்லாம் ஓட்டை இங்கிலீஷ். அவள் ஒன்றையும் திருத்தவில்லை. போர்டு நிறைந்ததும் சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, "இது நேத்து நடந்தது. படிக்கிறவங்களுக்கு அது தெரிய வேணாமா? மாத்துங்க" என்றாள். ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டு அவர்களே மாற்றினார்கள். இரண்டு வரி கடைசிவரை தப்பாகவே இருந்தது என்று பிறகு தலைமை ஆசிரியை சொன்னார்.

முடியப் போகிற நேரத்தில் அவள் என் மகளைக் கைகாட்டி முழுவதையும் வாசிக்கச் சொன்னாள். மகள் எழுந்தாள், திக்கித்திக்கி வாசித்தாள். முடித்த பிறகு உட்காரவில்லை. போர்டில் இல்லாத ஒரு வரியைச் சொன்னாள். "த ஆன்ட்டி வாஸ் வெரி ஆங்ரி." வகுப்பே கைதட்டியது. அவளும் சிரித்தாள். இங்கிலீஷ் வகுப்பில் என் மகள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இவ்வளவு பார்த்த பிறகும் நாங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்கிறீர்கள்? பெரம்பூர் அம்மாவைத்தான்! "ஷோக்கா பேசுது அந்தம்மா. இது கிளாஸா, இல்ல காசிமேடு மீன் ஏலமா? என் கதைய வேற சந்தி சிரிக்க வச்சிட்டா" என்றார் அக்கா. அண்ணனுக்கு வகுப்பு அமைதியாக இருந்ததுதான் பிடித்திருந்தது. நான் என் கணக்கைப் போட்டேன். விளையாட்டுக் காட்டினால் எந்தப் பிள்ளைதான் பேசாது? பரீட்சையில் நண்டா கேட்கப் போகிறார்கள்? பெரம்பூர் அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தப் பேச்சு என் மகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல வந்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கருவாட்டுக் கடைக்காரர் மகளை, சொல்லி அனுப்புகிறோம் என்று முன்பே அனுப்பியிருந்தார்கள். பெரம்பூர் அம்மா வராந்தாவில் இருந்தார். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அக்கா ஸ்வீட் வாங்கி வரட்டுமா என்றுகூடக் கேட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"அந்தப் பொண்ணு எடுத்த கிளாஸை நான் ஜன்னல் வழியா பார்த்தேன். அவங்களையே போடுங்க" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. சம்பளம் போதவில்லையோ, தூரமோ என்று தலைமை ஆசிரியை கேட்டார். அதெல்லாம் இல்லை என்றார். "வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேன்னு போயிடலாமான்னுதான் பார்த்தேன். நீங்க ஒரு வாரம் எனக்காகக் காத்திருப்பீங்க. பசங்களுக்கு அந்த வாரமும் வீணாப் போயிடும்" என்றவர், தொடர்ந்து சொன்னார்:

"எனக்கு இங்கிலீஷ் பேசத் தெரியும். அவங்களைப் பேச வைக்கத் தெரியல. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நானேதான் பதில் சொல்லிக்கிட்டேன், கவனிச்சீங்களா? பி.எட். முடிச்சு இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு கிளாஸ்ல நிக்கறேன்."

அக்கா விடவில்லை. "அதெல்லாம் போகப் போக வந்துரும்மா. நானும் பொறக்கச் சொல்லவே மீன் வித்தேனா?"

"வரும்மா. கண்டிப்பா வரும். அதுக்குள்ள இவங்களுக்குப் பரீட்சை வந்துடும். நான் கத்துக்கறதுக்கு இவங்க பத்தாவதை எடுத்துக்க முடியாது."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குச் சுருக்கென்றது. உள்ளே பிள்ளையைப் பெற்றவர்கள் மூன்று பேர் இருந்தோம். எங்கள் பிள்ளைகளை எங்களைவிட நன்றாகப் பார்த்தவர் வேலை கேட்டு வந்த ஒரு வெளியாள்.

பஸ் ஸ்டாண்டு வரை நானும் அவரோடு நடந்தேன். ஹைரோட்டில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றிருந்ததால் சாலையைக் கடக்க வெகுநேரம் ஆனது. வீட்டில் ஏதாவது சொல்வார்களே என்று இழுத்தேன். அவருடைய போன் அப்போதும் அடித்தது. எடுக்காமல் பைக்குள் போட்டார்.

"செலக்ட் ஆகலன்னு சொல்லிடுவேன்" என்றார். "கிடைச்ச வேலைய வேணாம்னு சொன்னேன்னா எங்க வீட்ல யாருக்கும் புரியாது. நீங்களும் யாராவது கேட்டா அப்படியே சொல்லிடுங்க."

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கையசைக்கக்கூட இல்லை. வேறு ஏதோ யோசனையில் இருந்தார். பஸ் நகர்ந்தபோது போனை எடுத்துக் காதில் வைத்தது தெரிந்தது.

நான் நேராகக் கருவாட்டுக் கடைக்குப் போனேன். அந்தப் பெண் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு வெயிலில் காய்ந்த நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா, அந்தம்மா வேணான்ட்டாங்களா? அதான் நான் ஞாபகம் வந்தேனா?"

மழுப்ப முடியவில்லை. ஆமாம் என்றேன். அந்த அம்மா சொன்னதை, என் நினைவில் இருந்தவரை அப்படியே சொன்னேன். அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். வீராப்பாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அவங்க படிச்சத நானும் வெளிய நின்னு கேட்டேன்க்கா. அந்த மாதிரி எனக்குப் படிக்க வராது. அதயும் பசங்க கேக்கணும்" என்றாள். மறுநாளே வேலைக்கு வந்தாள். முதல் வாரத்திலேயே பாடத்தை நல்ல உச்சரிப்பில் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தன் போனில் அதைப் போட்டுப் பிள்ளைகளைக் கேட்க வைத்தாளாம்.

அதற்கப்புறம் அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. பரீட்சை வந்தது, எழுதினார்கள். இங்கிலீஷில் இரண்டு பையன்கள் மட்டும் ஃபெயில். அந்தப் பெண் அவர்களைத் தன் வீட்டுக்கே வரவைத்து மறுதேர்வு எழுத வைத்தாள். என் மகள் வாங்கிய மார்க்கைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் இங்கிலீஷைக் கண்டு ஒளிவதை விட்டுவிட்டாள். இப்போது காலேஜில் படிக்கிறாள். தப்பும் தவறுமாகப் பேசுகிறாள், எதிரில் இருப்பவர் சிரித்தால் தானும் சிரித்துக்கொண்டு மேலே பேசுகிறாள். என்னால் இன்னும் அது முடியவில்லை.

பெரம்பூர் அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. எங்காவது நல்ல வேலையில் இருக்க வேண்டும் என்று சாமியிடம் சில சமயம் கேட்டுக்கொள்வேன். இங்கிலீஷ் டீச்சருக்கு என்ன படிப்பு இருக்க வேண்டும், உச்சரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று இப்போது குழுவில் இருக்கிற அம்மாக்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அதெல்லாம் வேண்டும்தான், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு ஞாபகம் வருவது, முன்பின் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்காக, கிடைத்த வேலையைக் கிடைக்கவில்லை என்று சொல்லப் போனை எடுத்துக் காதில் வைத்த அந்த அம்மாவின் முகம்தான்.